பையனை டபுள்ஸுக்கு மாற்றலாமா? ஹெந்திரா செத்தியவானை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "என் மகனுக்கு 15 வயது. ஏழு வருஷமாக ஷட்டில் ஆடுகிறான். 'சிங்கிள்ஸில் இதற்கு மேல் போவது கஷ்டம், டபுள்ஸுக்கு மாற்றிவிடுங்கள், பையனுக்கு நல்ல கை இருக்கிறது' என்கிறார் கோச். எனக்கு அது ஓரங்கட்டுவது மாதிரித் தெரிகிறது. டபுள்ஸ் மட்டுமே ஆடி ஒருவர் பிழைக்க முடியுமா? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?"

கோச் சொன்னதில் 'நல்ல கை' என்ற வார்த்தையை நீங்கள் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டீர்கள் போல. அது ஆறுதல் இல்லை. கால் வேகம் 25 வயதுக்கு மேல் மெல்லக் குறையும். தோள் அதற்கு முன்னாலேயே முரண்டு பிடிக்கலாம். கை அப்படி இல்லை, அது நாற்பது வரைக்கும் வரும். இதற்கு ஒரே ஒரு ஆளை உதாரணமாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். பொதுவாகப் பேசினால் 'முடியும், ஆனால் கஷ்டம்' என்பதைத் தாண்டி எதுவும் வராது.

ஆள் பெயர் ஹெந்திரா செத்தியவான். இந்தோனேசியாவில் மத்திய ஜாவாவின் பெமாலாங் ஊர்க்காரர், 1984 ஆகஸ்ட் 25-ல் பிறந்தவர். 2007, 2013, 2015, 2019 என்று நான்கு முறை உலக சாம்பியன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம். 2010, 2014 ஆசிய விளையாட்டுகளில் தங்கம். பேட்மின்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தில் 2014, 2019 பட்டங்கள். எல்லாமே டபுள்ஸ். கடைசி உலகப் பட்டம் பாசல் நகரில் கிடைத்த நாள், அவருடைய 35-வது பிறந்தநாள். ஓய்வு பெற்றது 2025 ஜனவரியில், நாற்பது வயதில்.

முதலில் 'ஓரங்கட்டுவது' என்ற எண்ணத்தைப் பார்த்துவிடலாம். நம் நாட்டில் அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. பிரகாஷ் படுகோன், கோபிசந்த், சாய்னா, சிந்து என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் சிங்கிள்ஸ் பெயர்கள். இந்தோனேசியாவில் கணக்கு வேறு. அந்த நாடு பேட்மின்டனில் இதுவரை வாங்கிய ஒலிம்பிக் தங்கம் 8, அதில் 5 டபுள்ஸ், கலப்பு இரட்டையரையும் சேர்த்து. அங்கே ஒரு பையனை டபுள்ஸுக்கு மாற்றினால் அப்பா அம்மா இனிப்பு வாங்கிக் கொடுப்பார்களோ என்னவோ, துக்கம் கொண்டாட மாட்டார்கள். நம்மிடமும் நிலைமை மாறிவிட்டது. சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் வந்த பிறகு டபுள்ஸ் ஃபைனலுக்காக டிவி முன்னால் உட்காருகிறவர்கள் எத்தனையோ பேர்.

சரி, ஹெந்திராவுக்கு வருவோம். ஜகார்த்தாவின் ஜெயா ராயா கிளப்பில் அவர் வளர்ந்தார். அங்கேயே வளர்ந்த இன்னொரு பையன் மார்கிஸ் கிடோ, ஹெந்திராவைவிட இரண்டு வாரம் மூத்தவர். இந்த ஜோடியை முதல் முறை பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். ஹெந்திரா ஏறக்குறைய ஆறடி, கிடோ ஐந்தரை அடி. உயரமானவன் பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்க வேண்டும், குள்ளமானவன் முன்னால் நெட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர்கள் நேர்மாறு. குள்ளமான கிடோ பின்னாலிருந்து எகிறி எகிறி அடிப்பார். உயரமான ஹெந்திரா முன்னால் நின்றுகொண்டு, அடிக்க வேண்டிய பந்தைக் கிடோவுக்கு உண்டாக்கிக் கொடுப்பார்.

அந்த 'உண்டாக்கிக் கொடுப்பது' என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் பையன் வேலை அதுவாகத்தான் இருக்கப் போகிறது.

டபுள்ஸில் சர்வீஸை உயரமாகத் தூக்கிப் போட்டால் எதிராளி குதித்து அடித்துவிடுவான். அதனால் நெட்டை உரசுகிற மாதிரி, நெட்டிலிருந்து 1.98 மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டைத் தொட்டும் தொடாமலும் விழும்படி ஷார்ட் சர்வீஸ் போடுவார்கள். வாங்குகிறவர் அந்தக் கோட்டுக்கு ஒட்டி, ராக்கெட்டை நெற்றி உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். ஷட்டில் எதிராளி கையை விட்டுக் கிளம்பியதும் ஒரு காலை முன்னால் வைக்க வேண்டும், நெட்டுக்கு மேலேயே அதைத் தொட வேண்டும். சாதாரண ஆள் இந்த இடத்தில் வேகமாகத் தள்ளுவான். ஹெந்திரா தள்ள மாட்டார். ராக்கெட்டை வெறுமனே காட்டுவார். ஷட்டில் பக்கக் கோட்டை ஒட்டி, சர்வீஸ் போட்டவனுக்குப் பின்னால், அவன் பார்ட்னருக்கு முன்னால், இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு கை அகல இடத்தில் போய் இறங்கும். முன்னால் நிற்பவன் 'பின்னால் இருப்பவன் எடுப்பான்' என்று நினைப்பான், பின்னால் இருப்பவன் ஒரு எட்டு தாமதமாக ஓடி வருவான். குனிந்து எடுப்பதால் மேலேதான் தூக்க முடியும். தூக்கினால் கிடோ. பாயின்ட் கிடோ பெயரில் ஞாபகத்தில் நிற்கும்.

பெய்ஜிங் ஃபைனலில் சொந்த மண்ணில் ஆடிய சாய் யுன், ஃபூ ஹைஃபெங் ஜோடியிடம் முதல் கேமை 12–21 என்று இழந்தார்கள். அடுத்த இரண்டையும் 21–11, 21–16 என்று எடுத்தார்கள். ஃபூ ஹைஃபெங்கின் ஸ்மாஷ் அந்தக் காலத்தில் உலகமே பயந்த விஷயம். அவருக்கு மேலே எழும்பும் பந்தே கிடைக்கவிடாமல் செய்வதுதான் அதற்கு மருந்து, அந்த மருந்து முன்னால் நிற்பவரின் கையில் இருக்கிறது.

ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டால் வாழ்க்கை செட்டில் என்று நமக்குத் தோன்றும். சில வருஷத்திலேயே இருவரும் தேசிய முகாமை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். இந்தோனேசியாவில் சிபாயுங் முகாம்தான் எல்லாம். சாப்பாடு, கோச், விமான டிக்கெட், ஸ்பான்சர் எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். வெளியே வந்தால் ஒவ்வொன்றும் உங்கள் தலையில். அந்த நிலையிலும் 2010 ஆசிய விளையாட்டு ஃபைனலில் மலேசியாவின் கூ கியன் கீட், டான் பூன் ஹியோங் ஜோடியை மூன்று கேமில் ஜெயித்தார்கள். டான் பூன் ஹியோங் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

2012-ல் ஜோடி பிரிந்தது. இங்கேதான் டபுள்ஸ் வாழ்க்கையின் உண்மையான சங்கதி ஆரம்பிக்கிறது.

சிங்கிள்ஸ் ஆட்டக்காரருக்கு உலக ரேங்கிங் அவர் பெயரில் இருக்கும். டபுள்ஸில் ரேங்கிங் ஜோடியின் பெயரில் இருக்கும். கடந்த 52 வாரத்தில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகள், ஆனால் அந்த ஜோடியாக ஆடியவை மட்டும். பார்ட்னர் மாறினால் அதுவரை சேர்த்த புள்ளி பழைய ஜோடியின் கணக்கிலேயே கிடக்கும். புது ஜோடி அடியிலிருந்து ஏற வேண்டும். உலக நம்பர் ஒன்னாக இருந்தவர் மறு வருஷம் முதல் சுற்றிலேயே பெரிய ஜோடியோடு மோத வேண்டி வரலாம். கூட்டு வியாபாரத்தில் கடை பார்ட்னரோடு போய்விட்ட மாதிரிதான்.

ஹெந்திரா முகாமுக்குத் திரும்பினார், முகமது அஹ்சானோடு சேர்ந்தார். அஹ்சான் அதுவரை ஆடிக்கொண்டிருந்தது போனா செப்டானோவோடு. போனா யார் தெரியுமா? கிடோவின் சொந்தத் தம்பி. அண்ணனின் பார்ட்னரும் தம்பியின் பார்ட்னரும் சேர்ந்து புது ஜோடி. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். கிடோ தன் பங்குக்கு மார்கஸ் கிதியோன் என்ற இளைஞரோடு சேர்ந்து 2013 பிரெஞ்ச் ஓப்பனை ஜெயித்தார். பின்னாளில் கெவின் சுகமுல்ஜோவோடு சேர்ந்து வருஷக்கணக்கில் உலக நம்பர் ஒன்னாக இருந்த அதே மார்கஸ்தான். முகாமில் ஒரு ஜோடி உடைந்தால் நாலு வீட்டில் சாமான் இடம் மாறும்.

புது ஜோடி ஆரம்பித்த மறு வருஷமே, 2013-ல், குவாங்சோவில் உலகப் பட்டம். ஃபைனலில் தோற்றது டென்மார்க்கின் மத்தியாஸ் போ, கார்ஸ்டன் மோகன்சன். இந்த மத்தியாஸ் போ பிறகு சாத்விக், சிராக் ஜோடிக்குக் கோச்சாக வந்தவர். 2015-ல் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில், சொந்த ஜனத்துக்கு முன்னால், இன்னொரு உலகப் பட்டம்.

அப்புறம் 2016 ரியோ. பதக்கம் எதிர்பார்த்துப் போன ஜோடி குரூப் சுற்றிலேயே வெளியேறியது. மறுபடி பிரிவு. ஹெந்திராவுக்கு அப்போது 32 வயது. நம்மூரில் அந்த வயதில் கோச்சிங் அகாடமி போர்டு மாட்டிவிடுவார்கள். அவர் 2017-ல் டான் பூன் ஹியோங்கோடு சேர்ந்து ஆடினார். ஆமாம், 2010 ஃபைனலில் எதிர்ப்பக்கம் நின்றவர், வேறு நாட்டுக்காரர், ஒரு காலத்தில் மணிக்கு 493 கிலோமீட்டர் என்று உலகின் வேகமான ஸ்மாஷ் சாதனையை வைத்திருந்தவர். (அதை 2023-ல் 565 என்று முறியடித்தவர் நம் சாத்விக்.) காகிதத்தில் பார்த்தால் முன்னால் நிற்க உலகின் சிறந்த கையும் பின்னாலிருந்து அடிக்க உலகின் வேகமான கையும். ஆஸ்திரேலிய ஓப்பன் ஃபைனல் வரை போனார்கள், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நல்ல ஆட்டக்காரர்களைக் கூட்டினால் நல்ல ஜோடி வரும் என்பது பார்வையாளர்களின் கணக்கு. பந்து நடுவில் வரும்போது யார் எடுப்பது என்று யோசிக்காமல் உடம்புக்குத் தெரிய வேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும்.

இதைச் சொல்லும்போது ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையின் 2022 ஃபைனலைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாங்காக்கில் இந்தியாவும் இந்தோனேசியாவும் மோதின. இரண்டாவது ஆட்டத்தில் இந்தோனேசியா இறக்கியது அஹ்சானையும் கெவினையும். தனித்தனியாக இருவருமே மேதைகள், ஆனால் அவரவர் வழக்கமான பார்ட்னர் பக்கத்தில் இல்லை. எதிரே சாத்விக், சிராக், பல வருஷமாகச் சேர்ந்தே ஆடுகிறவர்கள். முதல் கேமை இழந்து, இரண்டாவதில் மேட்ச் பாயின்ட்களைத் தாண்டி, 18–21, 23–21, 21–19 என்று நம்மவர்கள் ஜெயித்தார்கள். இந்தியா கோப்பையையே தூக்கிக்கொண்டு வந்தது. ஸ்மாஷ் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அது பழகிய ஜோடிக்கும் ஒட்டுப்போட்ட ஜோடிக்கும் நடந்த ஆட்டமாகத்தான் தெரிந்தது.

2018-ல் ஹெந்திராவும் அஹ்சானும் திரும்பச் சேர்ந்தார்கள். இருவருக்கும் குடும்பம், குழந்தைகள். ரசிகர்கள் 'த டேடீஸ்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். முகாமில் பயிற்சி செய்வார்கள், ஆனால் 2019 முதல் அதன் சம்பளக்காரர்கள் இல்லை, சொந்த ஸ்பான்சர், சொந்தச் செலவு. அந்த வருஷம் நடந்ததுதான் அதிசயம். ஆல் இங்கிலாந்து செமிஃபைனலில் ஹெந்திராவின் வலது கெண்டைக்காலில் அடி. மறுநாள் ஃபைனலில் மலேசியாவின் ஆரன் சியா, சோ வூய் யிக் எதிரே. முதல் கேம் 11–21. ஓட முடியாத ஆள் என்ன செய்வார்? ஓட வேண்டிய தேவையைக் குறைத்தார். தட்டையாக, தாழ்வாக, முன்னாலேயே ஆட்டத்தை வைத்துக்கொண்டார்கள். 21–14, 21–12. ஆகஸ்டில் உலகப் பட்டம், டிசம்பரில் உலக டூர் ஃபைனல்ஸ். அதே வருஷம் சொந்த நாட்டு மார்கஸ், கெவின் ஜோடியிடம் ஃபைனல் மேல் ஃபைனலாகத் தோற்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேகத்தில் அந்தப் பையன்களைப் பிடிக்க முடியவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம். வெண்கலப் போட்டியில் தோற்றது அதே ஆரன் சியா, சோ வூய் யிக் ஜோடியிடம். அதற்குச் சில வாரம் முன்பு, 2021 ஜூன் 14 அன்று, கிடோ இறந்துபோனார், 36 வயதில், ஷட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு. அக்டோபரில் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் இந்தோனேசியா 19 வருஷம் கழித்துத் தாமஸ் கோப்பையை வாங்கியபோது அணித் தலைவர் ஹெந்திரா. ஊக்கமருந்து விதி தொடர்பான தடையால் அன்று மேடையில் தேசியக் கொடி கூட ஏற்ற முடியவில்லை, பேட்மின்டன் சங்கத்தின் கொடிதான் ஏறியது.

2022 உலகப் போட்டியில் வெள்ளி, 2023 ஆல் இங்கிலாந்தில் ஃபைனல். அப்போது ஹெந்திராவுக்கு 38. இந்த வயதில் சிங்கிள்ஸ் ஃபைனல் ஆடுவதை நினைத்துப் பாருங்கள்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் மனதில் இருக்கிற விஷயம்: காசு. உலக டூரின் பெரிய போட்டிகளில் மொத்தப் பரிசுத் தொகையில் சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 7 சதவீதம், டபுள்ஸ் சாம்பியன் ஜோடிக்கு 7.4 சதவீதம். 10 லட்சம் டாலர் போட்டி என்றால் சிங்கிள்ஸில் ஜெயித்தவர் 70,000 டாலர் வாங்குவார். டபுள்ஸ் ஜோடி 74,000 வாங்கிப் பங்கு போட்டால் ஆளுக்கு 37,000. ஏறக்குறைய பாதி. ஆனால் விமான டிக்கெட், ஓட்டல், பிசியோ எல்லாம் ஆளுக்கு முழுசு. உலக சாம்பியன்ஷிப்பில் பரிசுப் பணமே கிடையாது, பதக்கம்தான். பல ஆட்டக்காரர்கள் ஆண்கள் டபுள்ஸோடு கலப்பு டபுள்ஸும் சேர்த்து ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேல்மட்டத்தில் வருமானத்தைத் தாங்குவது ராக்கெட் கம்பெனி ஒப்பந்தம், அரசு ஊக்கத்தொகை. இந்தியாவில் அதோடு வேலையும் சேரும். ரயில்வே, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மாதிரியான இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் டபுள்ஸ்காரர்களும் சேரலாம். உலகின் முதல் சில ஜோடிகளில் வராவிட்டாலும் குடும்பம் நடத்த முடிவது பெரும்பாலும் அந்த வேலையால்தான்.

இன்னொரு வலி ஒலிம்பிக் ஒதுக்கீடு. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு ஜோடி, அதுவும் இரண்டுமே உலகின் முதல் 8 இடத்துக்குள் இருந்தால். இந்தோனேசியா, சீனா மாதிரி நாட்டில் மூன்றாவது ஜோடி எத்தனை நல்ல ஜோடியானாலும் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும். இந்தியாவில் இப்போதைக்கு அந்த நெரிசல் இல்லை. உங்கள் பையனுக்கு இதில் லாபம்.

ஆண்கள் கதையாகவே போகிறதே என்று நினைக்க வேண்டாம். கிரேசியா பொலி 2012 லண்டனில், வேண்டுமென்றே தோற்க ஆடியதாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்ட நான்கு ஜோடிகளில் ஒருவர். அப்போதைய பார்ட்னர் போய், அடுத்த பார்ட்னரோடு 2014 ஆசியத் தங்கம் வாங்கி, அந்த பார்ட்னரும் காயத்தால் விலகி, கடைசியில் தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவரான அப்ரியானி ரஹாயுவோடு டோக்கியோவில் தங்கம் வாங்கினார். அந்த ஃபைனலில் ராலி நடந்துகொண்டிருக்கும்போதே ஓடிப்போய் ராக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சில நொடி கோர்ட்டை ஒற்றை ஆளாகக் காத்தவர் அப்ரியானி.

நம் ஆட்கள் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். மலேசியாவின் கிள்ளானில் பிறந்த தினா முரளிதரன். பேர்லி டான் பின்னால் அடிக்க, தினா முன்னால் விரித்துக் கொடுக்க, 2022 காமன்வெல்த் தங்கம், அதே வருஷம் பிரெஞ்ச் ஓப்பன், பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலகப் போட்டியில் வெள்ளி. ஹைலைட்ஸில் பேர்லியின் ஸ்மாஷ் வரும். முழு ஆட்டம் பார்த்தால் தினா வருவார்.

சரி, பையன் விஷயம். கோச்சிடம் 'சிங்கிள்ஸா டபுள்ஸா' என்று கேட்காதீர்கள், 'யாரோடு ஆட வைப்பீர்கள்' என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அவர் யோசித்திருக்கிறார். 'யாராவது கிடைப்பான்' என்றால் இன்னும் ஒரு வருஷம் சிங்கிள்ஸே ஆடட்டும். சிங்கிள்ஸில் ஓடிப் பழகிய கால் டபுள்ஸில் வீண் போகாது, அவசரம் ஒன்றும் இல்லை. சேரப் போகிற அந்தப் பையனின் அப்பாவோடும் ஒரு தடவை பேசிவிடுங்கள். ஜூனியர் ஜோடிகள் உடைவது பெரும்பாலும் கோர்ட்டில் இல்லை, கார் பார்க்கிங்கில்தான். தோற்ற பிறகு எந்த அப்பா யார் பையனைக் குறை சொன்னார் என்பதில்.

2019 ஆல் இங்கிலாந்து ஃபைனலின் வீடியோ கிடைக்கும். மூன்றாவது கேமை மட்டும் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம். முன்னால் நிற்கிற அந்த உயரமான மனிதரின் ராக்கெட் எந்த உயரத்தில் இருக்கிறது, பாயின்ட் போன பிறகு அவர் முகம் எப்படி இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பையனுக்கு அது போரடித்தால் கோச்சிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.